பூட்டைத் தட்டப் போன மச்சான்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இதைச் சொல்லி எனக்கு ஒரு லாபமும் இல்லை. சொன்னதால் வேலை போனது, அக்காவும் போனாள். பொய் சொல்லி இத்தனையையும் இழக்க நான் ஒன்றும் அவ்வளவு பெரிய முட்டாள் இல்லை.

வயோமிங்கில் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கூட ஓட்டியவர் ஓரின், என் அக்கா மார்லாவின் வீட்டுக்காரர். ஜனவரி மாதம். லாரமி ஊரில் எடை போட்டால், எஞ்சின் இருக்கும் தலைவண்டியின் பின்சக்கரங்களில் பாரம் அதிகம். அப்படியே போனால் சோதனைச் சாவடியில் ஓரம்கட்டி விடுவார்கள். தலைவண்டியும் டிரெய்லரும் சேரும் இடத்தில் ஓர் இரும்புத் தட்டு உண்டு. அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடும்.

சொல்ல எளிது. டிரெய்லர் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டிரெய்லரைத் தாங்கும் இரும்புக் கால்களை இறக்கி, தட்டின் பூட்டை இழுத்துவிட்டு, தலைவண்டியை மெல்லப் பின்னால் எடுக்க வேண்டும். அப்போது நடுவில் இருக்கும் சந்து சுருங்கும். அதில் ஆள் நின்றால் சட்னிதான். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம். சந்துக்குள் போகிறவன் பையில்தான் வண்டிச் சாவி இருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ஓய்விடத்தில் ஒதுங்கினோம். சாயங்காலம் மணி நாலு இருக்கும். பனி குறுக்காக அடித்துக்கொண்டிருந்தது.

"நான் போறேன் மச்சான்."

"நீ போனா விரலை விட்டுட்டு வருவ. உங்கக்காகிட்ட யாரு திட்டு வாங்குறது? உக்காரு மாப்ளே!"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு சுத்தியலோடு இறங்கினார்.

டங்... டங்... பூட்டைத் தட்டும் சத்தம். பிறகு நின்றுவிட்டது. காற்று மட்டும் ஊளையிட்டது. எனக்குக் கை விறைத்துப் போகும் நேரத்தில் கதவு திறந்தது. ஏறி உட்கார்ந்தார். சாவியை நீட்டினார்.

"உறைஞ்சு கெடக்கு. வேற எடம் பாப்போம்."

"கட்டையை எடுத்து, காலைத் தூக்கியாச்சா?"

"ஆச்சு."

கிளம்பினேன். ஓரின் வாய் ஓயாத மனிதர். தூக்கத்தில்கூட யாரையாவது கிண்டல் செய்வார். அன்று ஒரு வார்த்தை இல்லை. கோபமாக்கும் என்று விட்டுவிட்டேன். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது, எனக்கு வேர்த்தது. அவர் தோளில் இருந்த பனி மட்டும் உருகவில்லை.

"அங்க திருப்பு" என்றார்.

பாழடைந்த பெட்ரோல் பங்க். பின்பக்கமாகச் சரிந்த தரை.

"சரிவா இருக்கே மச்சான்."

"பரவால்ல."

சமதரை இல்லையென்றால் வண்டியை விட்டே இறங்க மாட்டார் அவர்.

"இந்தத் தடவை நீ போ. நான் உக்காந்திருக்கேன்" என்றார்.

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் அதையே பார்த்தார். தலைவண்டிக்கும் டிரெய்லருக்கும் பிரேக் போட்டேன். கட்டை வைத்தேன். கால்களை இறக்கினேன். சந்துக்குள் குனிந்து பூட்டின் கைப்பிடியை இழுத்தேன்.

வெண்ணெயில் கத்தி போல வந்தது. அந்தப் பூட்டு உறையவே இல்லை.

அப்போது மேலே...

புஸ்ஸ்ஸ்...

தலைவண்டியின் பிரேக்கை யாரோ விடுவிக்கும் சத்தம்.

"மச்சான்! நான் உள்ளதான் இருக்கேன்!"

சாவி என் பையில். எஞ்சின் ஓடவில்லை.

பனி நெறுநெறுத்தது. சக்கரம் உருண்டது...

சந்து சுருங்கியது...

பாய்ந்தேன்.

டமார்!

கோட்டின் ஓரம் உள்ளே மாட்டிக் கிழிந்தது. நான் வெளியே.

கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே ஏறிக் கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

இருக்கையில் பனி மட்டும் இருந்தது. உருகாமல்.

மறுபக்கம் இறங்கிப் பார்த்தேன். தரையில் ஒரு காலடிகூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது? போலீசைக் கூப்பிட்டேன். கடைசியாக எங்கே நின்றீர்கள் என்று கேட்டார்கள்.

இரவு ஒன்பது மணிக்குக் கண்டுபிடித்தார்கள். முதலில் நின்றோமே, அந்த ஓய்விடத்தில். பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பெலும்பு ஒடிந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறார். கையில் போன். ஐந்து மணிக்கு மேல்தான் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். நான் அங்கிருந்து வண்டியை எடுத்தபோது என் மச்சான் உயிரோடுதான் இருந்தார். அப்படியென்றால் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது யார்?

அடக்கம் முடிந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"ஏன்டா ராய்ஸ் இப்படிப் புளுகுற? அன்னிக்கு நாலே முக்காலுக்கு அவரு எனக்கு போன் பண்ணாரு. விழுந்துட்டேன்னாரு. நான் ஆம்புலன்சைக் கூப்பிடுறேன்னு துடிச்சேன். அப்ப நீதானே போனை வாங்கிப் பேசின?"

"நானா?"

"உன் குரல் எனக்குத் தெரியாதா? 'யாரையும் கூப்பிடாதக்கா, நான் மச்சான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்'னு சொன்னியேடா பாவி!"