மேலாளரின் அகலப்பட்டைக் கடிகாரம்

எங்கள் மேலாளரின் இடது மணிக்கட்டில், பயில்வான் கட்டுவது போல அகலத் தோல்பட்டை போட்ட கடிகாரம் ஒன்று இருக்கும். மனிதரோ என்னைப் போலவே ஒல்லி. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அதை அவிழ்த்துக் காட்டினார். அடியில் கருத்துச் சுருங்கிய தழும்பு. எப்போதோ வலிப்பை நிறுத்த ஏற்றிய ஃபெனிடாயின் என்ற மருந்து, சிறிய நரம்பிலிருந்து வெளியே கசிந்து சதையைப் பொசுக்கிவிட்டதாம். "மறுபடி வந்தா டாக்டர்கிட்ட இதைக் காட்டிடுங்க சார். அப்ப எனக்கு வாய் இருக்காது" என்றார். யாரும் படிக்காத வழிமுறைக் கையேடுகளை எழுதிப் பிழைக்கும் என்னிடம் போய்!

வலிப்பு வந்தது, எங்கள் வைட்ஃபீல்ட் அலுவலகக் கூட்டத்தின் நடுவே. "கையில இரும்பு குடுங்கப்பா!" என்று ஒருவர் கத்த, ஆளாளுக்குச் சாவி தேடினார்கள். எங்கள் கதவுகளெல்லாம் அட்டைக்குத் திறப்பவை. இரும்பு கிடைக்காத புண்ணியத்தில் அவரை ஒழுங்காக ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். நெரிசலில் சைரனைவிட என் நெஞ்சு உரக்க அலறியது.

ஆஸ்பத்திரியில் முதல் ஊசிக்கு வலிப்பு அடங்கவில்லை. அடுத்த மருந்துக்காக நர்ஸ் அவருடைய புறங்கையைத் தட்டி நரம்பு தேடினார். "அங்க வேணாம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கடிகாரத்தை அவிழ்த்துத் தழும்பைக் காட்டி, தமிழும் கன்னடமுமாக உளறிக் கொட்டினேன்.

"ஒந்து நிமிஷா சார்" என்று டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "சிஸ்டர், ஃபெனிடாயின் வேணாம், வேற போடலாம். அதையும் முழங்கை மடிப்புல பெரிய நரம்பா பாத்து, மெதுவா. பிரஷரைப் பாத்துக்கிட்டே ஏத்துங்க."

நான் சொன்ன வழிமுறை ஒன்றை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டது வாழ்க்கையில் அதுவே முதல்முறை. சொட்டு இறங்க இறங்க, உடல் உதறல் அடங்கியது. எனக்கோ அங்கேயே கூத்தாட வேண்டும் போலிருந்தது.

மாலையில் கண் விழித்தவர், முதலில் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். வீக்கமில்லை. பிறகு என்னை முறைத்தார்.

"என் வாட்ச் உங்க கையில என்ன சார் பண்ணுது?"

பத்திரமாக இருக்கட்டும் என்று கட்டிக்கொண்டதை நான் மறந்தே போயிருந்தேன்.

ஓய்வுபெற்றுச் சந்தாபுராவில் இருக்கும் அவரைப் போன வாரம் மெட்ரோவில் பார்த்தேன். அரைக்கைச் சட்டை. கம்பியைப் பிடித்திருந்த இடது கையில் தழும்பு ஊரறியத் தெரிந்தது.

"வாட்ச் எங்க சார்?"

"மூடி வெச்சா அவுத்துக் காட்ட நீங்க வேணும். எல்லா இடத்துக்கும் நீங்க வருவீங்களா?"

வருவேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மணி என்ன என்று கேட்டார். சொன்னேன்.