ராம் குஞ்சுகள் நீந்திய காலை

மழைத்தண்ணீரில் ஊறிய "கெத்தாப்பாங்" என்கிற நாட்டுவாதுமை மரத்து இலைக்கு ஒரு வாடை உண்டு. ஈரச் சாக்கையும் ஆறிப்போன தேத்தண்ணியையும் சேர்த்து முகர்ந்தது போல இருக்கும். புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறும். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறது, ராம் மீனுக்கு அது ஆகாது என்று, பின்கட்டில் ஒரு நீலத் "தோங்" பீப்பாயில் மழைத்தண்ணீர் பிடித்து, அந்த இலைகளை ஊறப்போட்டு, தண்ணீர் பழுப்பானபிறகுதான் அப்பா மீன்தொட்டியில் ஊற்றுவார்.

ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். தொட்டிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்ததைத்தான் நாங்கள் பேசிக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள், மஞ்சள் உடம்பில் நீலப் பொட்டுகள், சிவந்த கண். அவற்றுக்குக் குளிரக்கூடாது என்று ஒரு ஹீட்டரும் வாங்கிப் போட்டார். "எம்புள்ளைக்குக்கூட இந்த மனுசன் வெந்நி வச்சதில்ல" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஜோடி தட்டைக் கல்லில் முட்டையிடும். ஆனால் யாராவது ஹாலில் ஓடினாலோ கண்ணாடியைத் தட்டினாலோ மிரண்டு, தன் முட்டையைத் தானே தின்றுவிடும். பல தடவை இப்படி ஆனபிறகு அப்பா தன் பழைய சாரோங் கைலி ஒன்றைத் தொட்டிக்கு முன்னால் திரைபோலத் தொங்கவிட்டார். அந்தத் தடவை முட்டைகள் பொரிந்தன. ஊசிமுனை போன்ற குஞ்சுகள் கல்லோரக் குழியில் துடித்துக்கொண்டு கிடந்தன. நீந்தத் தொடங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றார் அப்பா. மறுநாள் வேலைக்குப் போனவர் மாரடைப்பில் இறந்து, பெட்டியில் வீட்டுக்கு வந்தார்.

எடுக்கிற அன்று காலை, வந்திருந்த கூட்டத்துக்குப் பயந்து சாரோங்குக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டேன். குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. ஆண் மீன் முன்னே போக, மெல்லிய புகை போல அத்தனையும் அதன் பின்னாலேயே போயின. நான் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஹாலின் நடுவில் படுத்திருந்தார்.

ஆண்கள் அப்பாவை எடுத்துக்கொண்டு போனதும் பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். பெம்பானிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்காள், வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். குடம், கேத்தல், தோங் எல்லாம் முடிந்து தொட்டியின் முறை வந்தது. நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, குஞ்சு நீந்துது. அப்பா பாக்கல" என்றேன்.

"செத்த வீட்டுத் தண்ணிய வச்சிக்கிட்டு என்னடி பண்ணப் போற? உங்கப்பனே போயிட்டான், மீனு என்ன மீனு?"

பக்கத்து வீட்டு அக்கா பாவம் பார்த்து, பெரிய மீன் இரண்டையும் குளியலறைக் குழாயில் பிடித்த வாளித் தண்ணீரில் விட்டார். குஞ்சுகள் யார் கண்ணுக்கும் படவில்லை. பழுப்புத் தண்ணீரோடு "லோங்காங்" சாக்கடைக்குள் போய்விட்டன. ஆண்கள் திரும்புவதற்குள் வாளியிலிருந்தவையும் சாய்ந்து மிதந்தன. வாளியில் பிடித்த தண்ணீரும் வீடு கழுவிய தண்ணீரும் கூரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தாங்கியிலிருந்து வந்தவைதான். சாவு விழுந்த அன்றும் அது நிரம்பித்தான் இருந்தது. அதைக் கொட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வருடம், அதே வீட்டில், அம்மா இறந்தார். அடுப்படியில் இப்போது சுடுதண்ணீரும் ஐஸ் தண்ணீரும் தருகிற ஃபில்டர் மெஷின் இருக்கிறது. அம்மாவை எடுத்துப்போன கையோடு எல்லாரும் அதில் பிடித்துத்தான் காப்பி கலக்கினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த அத்தைக்கும் ஒரு கிளாஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் அன்று கேட்டேன்.

"அத்தே, இந்தத் தண்ணிய கொட்ட வேணாமா?"

"அதெல்லாம் இப்ப யாரும்மா பாக்குறாங்க" என்றார், ஊதிக் குடித்தபடி. "சீனி கொஞ்சம் கம்மியா இருக்கு லா."

சீனி எடுக்கப் போனேன். மீன்தொட்டி இருந்த மூலையைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். அங்கே வாடகை நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள்.