அசைபோடாத மாடு

சித்தியின் மாடு என் பொய்யால் செத்தது. அறுபது வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

திருமுல்லைவாயிலில் சித்திக்கு இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. சித்தப்பாவுக்கு வேலை போயிருந்தது. பால் விற்றுத்தான் அடுப்பெரிந்தது. ஒன்பது வயதில், கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை ஒரு வாளி வாங்கி வந்து, புண்ணியம் என்று மாட்டுக்கு வைத்தேன். அத்தனை சோறு மாட்டின் வயிற்றில் புளித்து உப்பிவிடும் என்பது வகுப்பில் முதலாவதாக வரும் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம், கறந்த பாலை ஊற்றக் கிளம்பிய சித்தி வாசலிலிருந்தே கேட்டாள்.

"டேய், மாடு அசை போடுதா பாரு."

மாடு வைத்திருப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அசை நின்றால் நோய். மாடு படுத்திருந்தது, தாடை அசையவில்லை. சோறு வைத்ததற்குத் திட்டு விழுமே என்று பயந்தேன்.

"போட்டுகினு கீது சித்தி."

திரும்பி வந்ததும் களைப்போடு மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன்.

விடிந்தபோது மாடு வயிறு உப்பி விறைத்துக் கிடந்தது. சித்தி குனிந்து அதன் வாயை முந்தானையால் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து அசை போட்டுச்சு இல்லடா?"

"ஆமா சித்தி."

சித்தப்பா பெல்ட்டை மாட்டிக்கொண்டே வந்தார். "பாம்பு கடிச்சிருக்கும்" என்றாள் சித்தி அவரிடம். அன்று முழுக்க நானும் அந்தப் பாம்பைத் தேடினேன்.

பிற்பாடு தமிழாசிரியன் ஆனேன். ஆழ்ந்து நினைப்பதை ஏன் அசைபோடுதல் என்கிறோம் என்று வருடந்தோறும் விளக்கினேன். அவசரமாக விழுங்கியதை மாடு வாய்க்குக் கொண்டுவந்து, தாடை அசைய நிதானமாக மெல்லும். மனமும் அப்படித்தான் என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மாட்டுக்கு மென்றது செரித்துவிடும். எனக்குச் செரிக்கவில்லை.

போன மாதம், முகப்பேரில் மகன் வீட்டில் இருக்கும் சித்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தொண்ணூறை நெருங்குகிறாள்.

"வாயோரம் சோத்துப் பருக்கை ஒட்டிகினு கெடந்துச்சே. அன்னிக்கே தெரியும்டா."

"அப்ப ஏன் சித்தி கேக்கல?"

"கேட்டனே. அன்னிக்குக் காலைல ஒரு தபா கேட்டேன்ல."

மன்னித்துவிடச் சொன்னேன்.

"அப்புறம் நாலு ஊட்டுல பாத்திரம் தேச்சேன். இடுப்பு போச்சு. இன்னும் இன்னா சொல்லச் சொல்ற" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். கால் பிடித்துவிட்டால் வேண்டாம் என்பதில்லை. அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

செத்த மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு, நேற்று அசை போட்டதா என்று எதற்குக் கேட்கிறாள் என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.