டிபன் பாக்ஸில் வந்த முகூர்த்த ரோல்

ஏகாம்பரம் சார் போய்விட்டார். காலையில் அவர் பேத்தி போன் பண்ணிச் சொன்னாள்... அதிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை.

ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனில் காவல் டூட்டி பார்த்த ஏட்டு. உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கே முதல் நாள் அவரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அப்போது நான் கல்யாண போட்டோகிராஃபர். எல்லாம் ஃபிலிம்தான். விம்கோ நகரில் ஒரு கல்யாணம் முடித்துச் சாயங்காலம் திரும்புகிறேன், ரோலில் இரண்டு ஃபிரேம் மிச்சம். ஸ்டேஷனுக்குப் புதுசாக பெயிண்ட் அடித்து விளக்குப் போட்டிருந்தார்கள். வானம் நீலமாக இருக்கும்போதே விளக்கும் எரிகிற நேரம் பத்து நிமிஷம்தான். விடுவேனா?

கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஷட்டரைத் திறந்து எட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். முடிப்பதற்குள் கையைத் தூக்கியபடி ஏகாம்பரம் சார் குறுக்கே வந்து நின்றார்.

"யாரக் கேட்டு புடிக்கற? இன்னா புடிச்சேன்னு பாக்கணும். கேமராவத் தொற."

ஊரெல்லாம் செக்கிங் நடந்த சமயம். பேசும்போதே பின்மூடியில் நகத்தை வைத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அதே ரோலில்தான் தாலி கட்டும் படம்! வெளிச்சம் பட்டால் அத்தனையும் காலி. மாப்பிள்ளையை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

அவர் கையைப் பிடித்துவிட்டேன். போலீஸ்காரர் கையை! "சார்... உள்ள கல்யாணம் கீது சார்!"

"ஸ்டேஷனுக்குள்ளயா? யாருக்கு?"

விளக்கினேன். நம்பவில்லை. ஃபிலிமைச் சுருட்டித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டார். "காலைல டூட்டி முட்ச்சிட்டு நானே லேபுக்கு எட்த்தாரேன். கூடவே நின்னு பாப்பேன். கல்யாணம் இல்லன்னு வையி, மவனே..."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பெண்ணின் அப்பா முகம்தான்.

காலையில் தண்டையார்பேட்டை லேப் வாசலில் யூனிஃபார்மோடு நின்றார். கையில் டிபன் பாக்ஸ். அதற்குள் கர்சீப்பில் சுற்றி, என் ரோல்.

"வெளிச்சம் படக்கூடாதுன்னியே நைனா."

சுருட்டிய ரோலுக்கு அவ்வளவு பயம் வேண்டாம் என்று அவருக்கு யார் சொல்வது? கர்சீப்பைப் பிரித்தால் கருவாட்டு வாசனை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தாலி கட்டும் பிரிண்ட்டைப் பார்த்ததும் என் தோளில் ஒன்று போட்டார். "கட்டிட்டான்பா!"

அப்புறம் கடைசிப் படம். "ஸ்டேஷன் சூப்பரா கீது. குறுக்க வந்தேனே... நான் எங்க?"

எட்டு எண்ணுவதில் கடைசிக் கொஞ்சம்தான் அவர் நின்றார் இல்லையா, தூணுக்கு முன்னால் புகை மாதிரி ஒரு ஆள், தூக்கிய கை. காட்டினேன். ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போன் வரும். "இன்னா ஃபோட்டோ, உள்ள கல்யாணம் கீதா?" வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் போகவில்லை.

இன்றுதான் போனேன். ஹாலில் அந்தப் படம், ஃபிரேம் போட்டு.

"அதுல நான் கீறேன்னு எல்லார்கிட்டயும் சொல்வாரு அங்கிள். நாங்க யாருமே நம்பல. ஓட்டுவோம்," என்றாள் பேத்தி.

நாற்காலியில் ஏறி அந்த இடத்தில் விரல் வைத்தேன். அவளும் ஏறிப் பார்த்தாள்.

"அம்மா... இங்க வாயேன். தாத்தா கீறாரும்மா!"

கையை இறக்கிக்கோங்க சார். போய்ட்டு வாங்க.