பதினோராவது பொன்னாடை

அமெரிக்காவின் பிளானோவில் எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குப் பொன்னாடை வாங்குவதும், எண்ணி வைப்பதும், மேடையில் யாருக்கு யார் போர்த்துவது என்று முடிவு செய்வதும் என் பொறுப்பு. ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள் என்பது வழக்கம். அந்த ஆண்டு பதினோரு பேர். பத்துப் பேருக்கு ஆள் குறித்துவிட்டேன். மிச்சமிருந்தவர், குழந்தைகளுக்குப் பறை சொல்லித்தந்தவர்.

அவர் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. ஒட்ட வெட்டிய முடி, காதில் சின்னத் தோடு, தொளதொள ஜிப்பா. பெயரை வைத்தும் சொல்ல முடியவில்லை. குழந்தைகளுக்கு அவர் 'மாஸ்டர்'. பெரியவர்கள் அவர் இல்லாதபோது அவன், அவள் என்று மாற்றி மாற்றிச் சொல்வார்கள். கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே 'அது' என்றார். அன்றிரவு அதை வீட்டில் சொன்னேன்.

"அவங்கன்னு சொல்லிட்டுப் போங்களேன், யாருக்கு என்ன குறையுது?" என்றாள் மனைவி.

சரிதான். அறிமுக உரை முழுக்க 'அவர்' என்றே எழுதினேன். பேச்சுக்கு வழி கிடைத்தது. போர்த்துகிற கை யாருடையது?

விழாவன்று பள்ளி அரங்கின் பின்னால் அவர் தோல் இறுகுவதற்காக ஹேர் டிரையரால் பறையைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். நெருப்பு மூட்டினால் அலாரம் அடித்துவிடும்.

"அங்கிள், நான் மேடைக்கு வரல. பசங்க வாசிக்கட்டும், நான் சைடுல நின்னுக்கறேன்."

"ஏன்?" என்றேன். ஏம்மா, ஏம்ப்பா இரண்டையும் விழுங்கிவிட்டேன்.

"போன வருஷம் வேற ஊர்ல கூப்பிட்டாங்க. சால்வையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர், நீ போடு, நீ போடுன்னு. ஹாலே சிரிச்சுது. எங்கம்மா முன் வரிசையில."

"இன்னைக்கு வந்திருக்காங்களா?"

"ம்."

வாரம் முழுக்க ஊரையெல்லாம் விசாரித்தவன், இவரை விசாரிக்கவில்லை. "யார் கையால போட்டா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

அவர் டிரையரை அணைத்தார். "இதை யாரும் கேட்டதில்ல அங்கிள்." பறையைக் கீழே வைத்தார். "நீங்களும் ஆன்ட்டியும் சேர்ந்து போடுறீங்களா? உங்களுக்குத் தனியா எட்டாது."

"எட்டாதுதான். நீங்க குனிஞ்சாப் போதும்."

பந்தியில் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்த மனைவியை அப்படியே கூட்டிவந்தேன். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. அவர் நன்றாகவே குனிந்தார். அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள்.

பொன்னாடையை உடனே கழற்றி மடித்துக்கொள்வதுதான் நம் ஆட்களின் பழக்கம். மற்றப் பத்துப் பேரும் மேடைப்படி இறங்குவதற்குள் மடித்துவிட்டார்கள்; எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இவர் கழற்றவே இல்லை. அதன்மேலேயே பறையை மாட்டிக்கொண்டு குழந்தைகளோடு வாசித்தார். பிறகு பந்தியில் பார்த்தேன். சாம்பார் பட்டுவிடாமல், அவருடைய அம்மா சரிகைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.