அடின்னாரு, அடிச்சேன்

ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்தால் என் கணவர் வீட்டில் தங்கவே மாட்டார். அந்த முறை வாசலைத் தாண்டவில்லை. எதிர்க் கடையில் டீ வாங்கக்கூட என்னைத்தான் அனுப்பினார். வரதராசன்பேட்டையில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பார்த்தால் எழுந்து பெஞ்சில் இடம் விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் படைவீரர்களுக்காக மன்றாடச் சொன்னார் ஃபாதர். ஆண்கள் பக்கத்திலிருந்து இவர் எழுந்து வெளியே போவதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்.

மலைமேல் இருந்த முகாமுக்கு ஆடு மேய்க்கிற ஒருவரை விசாரணைக்காகப் பிடித்து வந்திருக்கிறார்கள். கையைக் கட்டியிருந்தார்கள். அதிகாரி முதலில் இவருடைய கூட்டாளியை அடிக்கச் சொன்னார். அவர் முடியாது என்றார். அடுத்து இவர்.

"அடின்னாரு, அடிச்சேன். நிறுத்துன்னு அவரு சொல்லல. நானும் நிறுத்தல."

"அந்த ஆளு?"

"சாயங்காலம் செத்துட்டாரு."

விசாரணை தொடங்கிவிட்டது. அப்படி உத்தரவே போடவில்லை, அந்த ஆள் பாறையில் வழுக்கி விழுந்தார் என்கிறாராம் அதிகாரி. விடுப்பு முடிந்து போனதும் இவர் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

மத்தியானம் மகளுக்கும் அவருக்கும் சோறு போட்டேன். அவர் பிசைந்து சாப்பிடும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைக் கவனித்தார். பாதியில் எழுந்துவிட்டார்.

மறுநாள் அரியலூர் கோர்ட்டுக்குப் போய், ராணுவ வழக்குகள் நடத்திய ஒரு வக்கீலைப் பார்த்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவுக்குத்தான் தம்பி கீழ்ப்படியணும். கையக் கட்டிப்போட்ட ஆள அடிக்கச் சொல்றது உத்தரவே இல்ல."

"மறுத்தா சும்மா வுடுவாங்களா சார்?" என்று கேட்டார் இவர்.

"வுட மாட்டாங்க. மறுத்தாரே, அவருக்கு என்னாச்சு?"

"சமையல் வேலைக்கு மாத்திட்டாங்க."

வக்கீல் அதைக் குறித்துக்கொண்டார். "அவரு சாட்சி சொன்னா அதிகாரி மாட்டுவாரு. ஆனா நீங்க தப்ப முடியாது. மேல இருந்து சொன்னாங்கங்கறது தண்டனையக் கொறைக்கலாம். குத்தம் குத்தந்தான்."

பெரம்பலூரிலிருந்து வந்திருந்த என் கணவரின் அண்ணன் கோர்ட் வாசலில் காத்திருந்தார். விவரம் கேட்டதும் தம்பியை ஓரமாக அழைத்தார். நானும் கூடவே போனேன்.

"பாறையில வழுக்கி வுழுந்து செத்துட்டான்னு சொல்லிடுடா. ஒன் அதிகாரியும் அதைத்தான சொல்றாரு? ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்."

"அப்ப, முடியாதுன்னு சொன்னவன் பொய்யனாயிடுவானே."

"அவனப் பத்தி ஒனக்கென்ன? ஒம் பொண்ண நெனச்சுப் பாரு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் சொன்னபடியே சொல்லிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லித் தப்பித்த மனிதருக்குக் கடைசிவரை சோறு போட முடியுமா என்றும் தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"நீங்க என்ன சொன்னாலும் நான் வூட்டுலதாங்க இருப்பேன்" என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா, பாரமாக இருந்ததா, நான் கேட்கவில்லை.

விடுப்பு முடிந்து போனவர், விசாரணையில் நடந்ததை நடந்தபடியே சொன்னார். கூட்டாளியும் சாட்சி சொன்னார். அதிகாரிக்கும் இவருக்கும் சிறை. இவருக்கு வேலையும் போயிற்று. சில மாதங்கள், நான் வேலை பார்க்கும் பள்ளியில் மற்ற டீச்சர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு அதுவும் பழகிப்போனது.

தண்டனை முடிந்து வந்து, இப்போது அவர் பெரம்பலூரில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறார். வாரம் ஒருமுறை பஸ்ஸில் வருவார். பட்டறையில் விவரம் தெரியாதவர்கள் அவரை இன்னும் 'மிலிட்டரி' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள்.

போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை நாள் கேட்க பயந்ததைக் கேட்டேன்.

"அந்த ஆளுக்கு பொண்டாட்டி இருந்தாங்களா?"

"இருந்தாங்க" என்றார். "அன்னிக்கு முழுக்க முகாம் கேட்டுக்கு வெளியிலதான் நின்னாங்க."