ரெட்டியார்பாளையத்துக் குளிர்காலம்

கனடாவில் இருக்கும் என் தங்கை நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கார் ஷெட்டுக்குள் தூக்கி வைக்கிறாள், ரோஜாச் செடிகளுக்குச் சாக்கு சுற்றுகிறாள், வேர் உறைந்துவிடாமல் இருக்க அடியில் சருகு குவிக்கிறாள். கடைசியில் எனக்கு ஒரு குத்து வேறு: "ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது, நீ ஃபேன் போட்டுக்கினு ஒக்காந்திருப்ப."

ஃபேன் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் செடிகளைக் குளிர்காலத்துக்குப் பத்திரப்படுத்தும் கலையில் அவள் எனக்கு இளையவள். அவள் வீட்டுக்காகச் செய்கிறாள். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவள். அதுவும் பாண்டிச்சேரி வெயிலில், ரெட்டியார்பாளையத்தில்.

சிரிக்க வேண்டாம். காலேஜ் முடித்துவிட்டு, படித்த பிரெஞ்சை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. அந்துவான் முசியே (முசியே என்றால் ஐயா) பாண்டிச்சேரித் தமிழர்தான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். விழுப்புரம் சாலையை ஒட்டி ஒரு நர்சரி வைத்திருந்தார். செடிகளுக்குப் பிரெஞ்சில் பெயர் எழுதி மாட்டுவது என் வேலை. செம்பருத்தி வாங்க வருகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "செம்பருத்தி இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். செம்பருத்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் கேட்பார்கள்.

முசியேவுக்கு நம் ஊர்மேல் ஒரே ஒரு குறைதான். குளிர்காலம் இல்லை. ஊர் தராவிட்டால் என்ன, நாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார். நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்ததும் கழுத்தில் ஒரு மப்ளர் ஏறும். ரோஜாத் தொட்டிகளுக்கெல்லாம் சாக்கு கட்டச் சொல்வார். கட்டுகிறவர் கலியபெருமாள், பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் தோட்டக்காரர். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வேர்வை சொட்டச் சொட்டச் செடிகளைக் குளிரிலிருந்து காப்பாற்றுவார்.

"ஏம்பா, செடிய எங்கயாவது பார்சல் அனுப்புறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள் ரோட்டில் போகிறவர்கள்.

இதெல்லாம் ஒத்திகைதான். உண்மையான நாயகி ஒரு பியோனிக் கிழங்கு, குளிர்நாடுகளில் ரோஜா மாதிரி அடுக்கடுக்காகப் பூக்கும் செடி. பிரான்சில் இருந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து முசியே தோண்டிக்கொண்டு வந்தது. அதற்கு இரண்டு மூன்று மாதம் நல்ல குளிர் கிடைத்தால்தான் துளிர்விடுமாம், பூக்குமாம். பூத்தே ஆக வேண்டும், ஏனென்றால் மதாம் வருகிறார். முசியேவின் மனைவி ரொசாலி மதாமும் பாண்டிச்சேரிக்காரர்தான். முசியே ஊர் திரும்பியபோது அவர் மட்டும் மகளோடு அங்கேயே தங்கிவிட்டார். "அவளுக்கு அந்தத் தோட்டம்தான் உசிரு. இங்க பனி இல்ல, பியோனி இல்ல, எப்புடி வருவா?" என்பார் முசியே. ஈஸ்டருக்கு அப்புறம் தன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வரும் மனைவி, வாசலில் அந்தப் பூவைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இங்கேயே இருந்துவிட வேண்டும். இதுதான் திட்டம். ஒரு பெண்ணின் மனசைக் கிழங்கு வழியாகப் பிடிப்பது.

கிழங்குக்குக் குளிர்காலம் கடலோரம் மீனவர்கள் இருக்கும் குருசுக்குப்பத்தில் அமைந்தது, மீனுக்கு ஐஸ் வைக்கும் ரூமில். தென்னை நார்த்தூள் போட்ட மரப்பெட்டிக்குள் கிழங்கு. இந்தப் பக்கம் வஞ்சிரம், அந்தப் பக்கம் சங்கரா. வாரா வாரம் முசியே ஸ்கூட்டரில் போய் நலம் விசாரித்துவிட்டு வருவார். திரும்பி வரும்போது அவர் பின்னாலேயே ரெட்டியார்பாளையத்துப் பூனைகளும் வரும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு புயல் அடித்தது. மரங்கள் விழுந்து, கரெண்ட் போய், நாள் கணக்கில் வரவில்லை. கலியபெருமாள் குருசுக்குப்பம் வரைக்கும் சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு, நனைந்த கோழி மாதிரி வந்து நின்றார்.

"முசியே, ஒங்க குளிர்காலம் கரைஞ்சி வாய்க்கால்ல ஓடுது."

முசியே அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் மாமா கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்தார், ஜெனரேட்டரோடு. நானே ஐஸ் ரூமிலிருந்து கிழங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

"இன்னா பாப்பா இது, மீன் நாத்தம் அடிக்குது?"

"பூச்செடி மாமா."

மாமா பெட்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "படிக்க வெச்சது தப்பாப் போச்சி" என்று சொல்லிக்கொண்டே ஃப்ரிட்ஜில் கலர் பாட்டில்களைத் தள்ளி இடம் பண்ணினார். பியோனிக்கு மீதிக் குளிர்காலம் கோலி சோடாக்களுக்கு நடுவில் கழிந்தது.

பொங்கலுக்கு அப்புறம் வெளியே எடுத்துத் தொட்டியில் வைத்தோம். நம்புவீர்களோ மாட்டீர்களோ, சிவப்பாக மூக்கை நீட்டிக்கொண்டு துளிர் வந்தது. இலை வந்தது. ஒரே ஒரு மொட்டும் வந்தது. முசியே அதற்குக் குடை பிடித்தார், ஈரத்துணி கட்டினார், டேபிள் ஃபேன் வைத்தார். சித்திரை வெயிலுக்குப் பிரெஞ்சு ராணுவத்தைப் பற்றியெல்லாம் மரியாதை கிடையாது. மதாம் வருவதற்கு முந்தின வாரம் மொட்டு கருகி, கடுகு தாளித்த மாதிரி நின்றது.

மதாம் வந்து இறங்கினார். பருத்திப் புடவை, கையில் விசிறி. முசியே தொட்டிக்கு முன்னால், கோர்ட்டில் நிற்பவர் போல நின்றார். ஐஸ் ரூம், புயல், சோடா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

மதாம் தொட்டியைப் பார்த்தார். "இந்தப் பூவு எனக்குப் புடிக்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? எறும்பு மொய்க்கிற சனியன். வூடு வாங்கும்போதே அங்க இருந்திச்சி."

"பனி இல்லாத ஊருக்கு நீ வரமாட்டேன்னு..."

"பனியா? அந்தப் பனியில வழுக்கி விழுந்து என் முட்டியே போச்சி. நான் எங்க வரமாட்டேன்னேன்? 'நான் ஊருக்குப் போறேன்'னீங்க. போயிட்டீங்க. நீயும் வான்னு ஒரு வார்த்த கூப்ட்டீங்களா?"

கலியபெருமாள் திடீரென்று மிகவும் மும்முரமாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார், ஏற்கெனவே ஊற்றின செடிக்கே. முசியே கருகிய மொட்டைக் கிள்ளி எறிந்தார். அப்புறம், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, "இரு ரொசாலி" என்றார்.

"தோ, இப்ப சொன்னீங்க பாருங்க."

இருந்தார். கல்யாணம் முடிந்தும் இருந்தார், கத்திரி வெயிலிலும் இருந்தார். ரோஜாக்களின் சாக்கை அவிழ்த்து மிதியடி ஆக்கினார். என் பெயர்ப் பலகைகளைத் தமிழில் எழுத வைத்தார். வியாபாரம் நடக்க ஆரம்பித்தது. எனக்கு வேறு வேலை கிடைத்துப் போன பிறகும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். சாயங்காலம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அக்கம்பக்கத்துக்குப் புரியக் கூடாதென்று பிரெஞ்சில் சண்டை. சமாதானம் மட்டும் தமிழில். "காப்பி குடிக்கிறியா?" என்றால் முடிந்தது என்று அர்த்தம்.

முசியே முதலில் போனார், அடுத்த வருஷமே மதாம். மகள் வந்து இடத்தை விற்றுவிட்டுப் போனாள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள், கீழே ஒரு செல்போன் கடை. அந்தத் தெருவில் இன்றைக்கும் புருஷன் பெண்சாதிச் சண்டைகள் நடக்கத்தான் செய்கின்றன. எல்லாம் எல்லாருக்கும் புரிகிற பாஷையில்.